இழுத்துக்கொண்டு போக ஒரு வீடு

காலை ஆறரை மணிக்குக் கோதையாறு கீழ்முகாமை விட்டுக் கிளம்பினோம். ஜீப்பை ஓட்டியது நான். பக்கத்தில் என் மனைவி பகவதி, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி. பின்னால் தயிர்ச்சோற்றுத் தூக்கு, குடிக்க ஒரு குடம் தண்ணீர், ரேடியேட்டருக்கு இன்னொரு குடம். பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஜீப், ஏலத்தில் எடுத்தது. ஏற்றத்தில் முனகும், இறக்கத்தில் கெட்ட வேகம் எடுக்கும். திருவனந்தபுரம் அங்கிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். மற்றவர்களுக்கு இரண்டரை மணி நேரப் பயணம், எங்களுக்கு நான்கு.

போனது வீடு பார்க்க. தெருவில் நிற்கிற வீடு அல்ல. ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகக்கூடிய, கூரையும் படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெயிலர் வீடு. கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் மின்சார இலாகாவில் போர்மன். முப்பது வருஷத்துக்கு மேலாக அணை, மின்நிலையம் என்று மலை மலையாகக் குவார்ட்டர்ஸிலேயே குடியிருந்தாயிற்று. சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கோதையாற்றில் டர்பைன் பூட்டுவதற்காக ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வந்திருந்தார். கெஸ்ட் ஹவுஸ் வேண்டாம் என்று சொல்லி, தான் கொண்டுவந்த டிரெயிலரிலேயே பெண்டாட்டியோடு ஒரு வருஷம் வாழ்ந்தார். சாயங்காலமானால் இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடிந்ததும் வீட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பிடித்த பித்து இது. ஓய்வுக்குப் பிறகு சாரல் காலத்துக்குக் குற்றாலம், தைக்குத் திருச்செந்தூர், வெயிலுக்கு மலை என்று மனத்துக்குள்ளேயே ஊர் ஊராகப் போய்வந்துகொண்டிருந்தேன்.

பகவதிக்கு இதில் சம்மதமே இல்லை. காரணம் ஒன்றுதான். எங்கள் ஒரே மகன் குமரேசன் எட்டு வருஷத்துக்கு முன்னால் வளைகுடா நாட்டில் வேலை தேடிப் போனான். பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது. கோழிக்கோட்டுப் பக்கம் ஏதோ ஒரு கடற்கரையில் ஆட்களைத் திருட்டுத்தனமாக ஏற்றிப்போகிற லாஞ்சில் ஏறினான் என்று அவன் கூட்டாளி வந்து சொன்னான். கூட்டாளிக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் அவன் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. லாஞ்ச் கரை சேர்ந்ததா, நடுக்கடலில் போயிற்றா என்று சொல்ல ஆளில்லை. துபாயிலிருந்து லீவில் வந்தவர்களை எல்லாம் வீடு தேடிப் போய் விசாரித்துவிட்டோம்.

"சக்கரத்து மேல வீட்டைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனா, அவன் வந்து எங்கன்னு தேடுவான்?" என்பாள் பகவதி. "நாகர்கோவில்ல ஒத்தை அறை ஆனாலும் போதும். வாசல்ல நம்பர் இருக்கணும். காம்ப்ல வந்து கேட்டா, இன்ன தெரு இன்ன நம்பர்னு நாலு பேரு சொல்லணும்."

முகாமுக்குள் பஸ் வரும் ஒவ்வொரு தடவையும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அவள் வெளியே வந்து நிற்பாள். இறங்குகிற கடைசி ஆள் வரை பார்ப்பாள். எட்டு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து என் நெஞ்சு புண்ணாகிப்போயிற்று. பஸ் வந்து நிற்காத இடத்துக்கு, யாரும் வந்து தட்டமாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கு, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் இந்த டிரெயிலரைப் பிடித்துக்கொண்டேன். அதை அவளிடம் சொன்னதில்லை. பயணத்துக்கு நாலு நாள் முன்பு அவளே, "சரி, திருவனந்தபுரம் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளை சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அரிசிக் கடத்தல் பிடிக்கிற போலீஸ்காரர் ஜீப்பைச் சுற்றி வந்து, "அரிசி உண்டோ?" என்று கேட்டார். தயிர்ச்சோறு இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கைத் திறந்து பார்த்த பிறகே விட்டார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் பாலராமபுரம் சேரும்போது பத்தேகால் மணி. ஜீப் சூடாகிப்போனதால் ஒரு பலாமரத்தடியில் நிறுத்தினோம். தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பகவதி இறங்கிப் போய், மலையாளப் பெண்கள் மேலே போட்டுக்கொள்கிற நேரியது ஒன்று வாங்கி வந்தாள். கரை மெல்லியதாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. இந்த வயதில் மலையாளத்துக்காரி மாதிரி உடுத்த ஆசையா என்று சீண்டினேன். அதை மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஜீப் ஆறும் வரை அங்கேயே இருந்து, தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

நாங்கள் தேடிப்போன பட்டறை கரமனை ஆற்றுப் பாலத்துக்கு இப்பால், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. பஸ்களுக்குக் கூடு கட்டுகிற பட்டறை. சொந்தக்காரர் பெயர் தாணு. தாத்தா காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பட்டறையில் மலையாளம், எங்களோடு பேசியது இரண்டையும் போட்டுக் கலக்கிய ஒன்று. கோவளத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களின் டிரெயிலர்களைப் பழுது பார்த்துப் பார்த்து அந்த வேலை பிடிபட்டுப்போய், அவரே இரண்டு கட்டி வைத்திருந்தார்.

முதலாவது தேக்குச் சட்டமும் கனத்த தகரமும். உள்ளே பீரோ, ஊஞ்சல் பலகை, கண்ணாடி பதித்த அலமாரி. பார்த்தால் கல்யாண மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாம். விலை ஒன்பதாயிரம். எடை எழுநூறு கிலோ.

"சாரே, இது கொட்டாரம் அல்லே? கண்ணு எடுக்கத் தோணுமா?" என்றார் தாணு.

"அரண்மனையை இழுக்க யானை வேணும். என்கிட்ட இருக்கது கிழட்டு ஜீப்பு" என்றேன்.

"அப்போ இதைப் பாருங்கோ." அடுத்த ஷெட்டின் சாக்குப் படுதாவை விலக்கினார். பிளைவுட் சுவர், வெளியே அலுமினியத் தகடு, வளைந்த கூரை. பதினொரு அடி நீளம், ஆறடி அகலம். முந்நூற்று எண்பது கிலோதான். "நான் ஒருத்தனே தள்ளி நகர்த்துவேன், கேட்டோ? மழை ஒரு சொட்டு உள்ள வராது. இல்லெங்கில் என் பேரு மாத்திக்கோங்கோ." விலை ஆறாயிரத்து ஐந்நூறு என்றார்.

நான் தரையில் மல்லாந்து படுத்து அச்சையும் ஸ்பிரிங்கையும் பார்த்தேன். சுத்தமான வேலை. எடை சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரியாகப் பிரிந்திருந்தது. கொக்கியில் அழுத்துகிற பாரத்தை நானே தூக்கிப் பார்த்தேன், இடுப்பு ஒத்துக்கொண்டது. இப்படி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். சும்மா நிற்கும்போது எல்லா டிரெயிலரும் அழகுதான். அங்கே கட்டில் இருக்கிறதா அலமாரி இருக்கிறதா என்று பார்த்து மயங்கினால், முதல் ஏற்றத்தில் பின்பக்கமாக உருள வேண்டிவரும்.

உள்ளே போன பகவதி வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் இரண்டு பலகைக் கட்டில்கள். ஒன்றில் அவள் உட்கார்ந்து எதிரே இருந்த இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்றாள்.

"ரெண்டு பேருதானே இருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். வார்த்தையை விட்ட பிறகே எனக்கு உறைத்தது. அவள் இறங்கி வந்து, மண்ணெண்ணெய் அடுப்பின் புகை போக ஜன்னல் போதுமா என்று தாணுவிடம் கேட்டாள். ஆட்டுக்கல் வைக்க இடம் இல்லையே என்றாள். "அம்மா, ஆட்டுக்கல்லு வெச்சா கொட்டாரம் ஆகிப்போகும், வெயிட்டு தாங்காது" என்று தாணு சிரித்தார். நாளைக்கு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

கிழக்கேகோட்டையில், பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். நாள் வாடகை பன்னிரண்டு ரூபாய். சாயங்காலம் கோட்டைக்குள் நடந்து பத்மதீர்த்தக் குளத்தின் படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்தோம். இரவு சாலைக் கடைத்தெருவில் ஒரு தமிழ் ஓட்டலில் எனக்குத் தோசை சொன்னேன். பகவதி இலையை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். "வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். டிரெயிலர் பிடிக்கவில்லை, அதைச் சொல்லாமல் வயிற்றின் மேல் பழியைப் போடுகிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் இன்னொரு தோசை சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கோவளம் போவதாக ஏற்பாடு. அங்கே தென்னந்தோப்பில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வருஷக்கணக்கில் டிரெயிலரில் வாழ்கிறார்கள் என்று தாணு சொல்லியிருந்தார். அவர்களிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். கடலைப் பார்க்க வரமாட்டேன், ஜீப்பிலேயே இருப்பேன் என்று பகவதி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எட்டு வருஷமாக அவள் கடலைப் பார்ப்பதில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

கிழக்கேகோட்டையிலிருந்து கோவளம் பதின்மூன்று கிலோமீட்டர். பாதிவழியில் திருவல்லம். கரமனை ஆற்றின் கரையில் பரசுராமர் கோயில். பாலம் வந்ததும் பகவதி, "இங்க நிறுத்துங்க, ஒரு பலி இடணும்" என்றாள்.

திருவல்லத்தில் பலி இடுவது என்றால் இறந்துபோனவர்களுக்குப் பிண்டம் வைப்பது. வருஷத்தின் எல்லா நாளும் அங்கே நடக்கும். நம் பக்கத்தில் பெண்கள் இதற்கு உட்காருவதில்லை. மலையாளத்தில் உட்காரலாம். முந்தின நாள் ஒரு வேளைதான் சோறு சாப்பிட வேண்டும் என்பது நியமம். முகாமில் எங்கள் அடுத்த வீட்டு மலையாள அம்மாள் சொல்லி இதெல்லாம் பகவதிக்குத் தெரிந்திருக்கிறது. இரவு அவள் சாப்பிடாததன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது. அவளுடைய அப்பாவுக்காக என்று நினைத்துக்கொண்டேன். அவள் தம்பி எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் இல்லை. நல்லதுதான், மாமனாருக்கு ஒரு வாய் போகட்டும் என்று ஜீப்பை ஆலமரத்தடியில் நிறுத்திவிட்டுக் கூடவே போனேன்.

அவள் ஆற்றில் முங்கிவிட்டு ஈரத்தோடு வந்தாள். சேலைக்கு மேல் அந்த வெள்ளை நேரியதைச் சுற்றியிருந்தாள். வரிசையாக வாழையிலை. இலைக்கு ஓர் ஆள். பெண்களும் ஆண்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பகவதி விரலில் தர்ப்பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். பூசாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஆருக்கா? பேரு, நாளு?"

நாள் என்றால் அங்கே நட்சத்திரம்.

"மவனுக்கு" என்றாள் பகவதி. "குமரேசன். அனுஷம்."

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லப்பட்டதுதான். ஒரு பூசாரி அதை வாங்கி, நட்சத்திரத்தை 'அனிழம்' என்று மலையாளத்தில் மாற்றி முணுமுணுத்தபோது, யாரோ என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"மரிச்ச திதி?" என்று கேட்டார் பூசாரி.

"தெரியாது சாமி."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாரமில்லா. நாளு மதி" என்றார். பரவாயில்லை, நட்சத்திரம் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி எழுப்ப வேண்டும் போல இருந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு யாராவது இப்படிச் செய்வார்களா என்று கத்த வாயெடுத்தேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் நின்றேன். அவள் எள்ளும் தண்ணீரும் விட்டாள். பச்சரிசிச் சோற்றை உருட்டி இலையில் வைத்தாள். எல்லாம் முடிந்து, இலையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வைக்கச் சொன்னார்கள். ஈரக்கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட வேண்டும். காக்கை வந்து எடுத்தால் போனவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

பகவதி கை தட்டினாள். இரண்டே தடவை.

நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவன் இல்லை. தினமும் சோறு கிடைக்கிற இடத்தில் காக்கை வராமல் குயிலா வரும் என்று, வேறு எங்கேயாவது என்றால் கேலி செய்திருப்பேன். ஆனால் அன்றைக்குக் காக்கைகள் உட்கார்ந்திருந்த தென்னையைப் பார்த்தபடி, வரக்கூடாது, வரக்கூடாது என்று மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வராவிட்டால் அவன் இருக்கிறான். எங்கேயோ ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டாவது, ஜெயிலிலாவது இருக்கிறான். ஒரு காக்கை இறங்கி இலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசி அதை விரட்டினேன்.

அது எழும்பிப் போய், மறுபடி வந்து உட்கார்ந்தது. மறுபடி விரட்டினேன். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வயசான ஒரு மனிதன் கோயில் வாசலில் காக்கையோடு சண்டை போடுவதை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்.

பகவதி வந்து துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விரட்டாதீங்க" என்றாள். "எட்டு வருசமா நாம வருவான் வருவான்னு காத்துக்கிட்டுக் கிடந்தோம். ஒரு பிடி சோறு வைக்க ஆளில்லாம பிள்ள அங்க பட்டினியா நின்னிருக்கான். சாப்பிடட்டும், விடுங்க."

காக்கை சோற்றை எடுத்தது. இன்னும் இரண்டு வந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன் பிறகுதான் அழுதாள். நான் அவளுக்கு முன்பே அழுதுகொண்டிருந்தேன்.

கோவளம் போகவில்லை. ஜீப்பைத் திருப்பும்போது, "அந்தச் சின்ன வண்டியையே வாங்கிக்கிடுவோம்" என்றாள். "இனி எங்க வேணும்னாலும் போலாம். நீங்க ஆசைப்பட்ட இடமெல்லாம் போலாம்." நான் எத்தனையோ வருஷமாக அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்திருந்த வார்த்தை. வந்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நாகர்கோவிலிலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாமே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு?" என்று கேட்டாள். ஜீப்பைப் பட்டறைக்கு விட்டேன்.

தாணு விலையில் முந்நூறு ரூபாய் குறைத்தார். ஜீப்புக்குக் கொக்கி வைத்து வெல்டிங் செய்து முடிக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. புறப்படும்போது டிரெயிலரின் நெற்றியில் சந்தனம் வைத்து, "சாரே, அம்மா, சந்தோஷமாப் போய் வாருங்கோ. மகன் மக்கள் வந்தா அவங்களையும் இதுல கூட்டிட்டு வரணும்" என்றார். நல்ல மனசோடு சொன்னார். பகவதி சரி என்று தலையாட்டினாள்.

மூன்று மணிக்குக் கரமனையை விட்டோம். நேமத்திலும் பாலராமபுரத்திலும் கடைக்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். சர்க்கஸா, ஓட்டுக் கேட்கிற வண்டியா என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். டிரெயிலர் பின்னால் வருவதே தெரியாமல் வந்தது. இருட்டில் மலை ஏற வேண்டாம் என்று மார்த்தாண்டத்தில் ஒரு பெட்ரோல் பங்கின் பின்பக்கம் அனுமதி வாங்கி நிறுத்தி, முதல் தடவையாக அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தோம்.

இதை எழுதும்போது எங்கள் வண்டி குற்றாலத்தில் ஒரு புளியந்தோப்பில் நிற்கிறது. ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. என் வயதுக்காரர்கள் யாராவது இப்படி வாழ ஆசைப்பட்டால் தாராளமாக வாழலாம் என்பேன். எடை குறைந்ததாக வாங்குங்கள். தேக்குக்கு மயங்காதீர்கள். இரண்டு பேர் வாழ எவ்வளவு குறைந்த சாமான் போதும் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மழை ஒழுகவில்லை, தாணு பேரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

குவார்ட்டர்ஸ் வீட்டுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே எட்டு வருஷமாக இரவில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. வேளைகெட்ட வேளையில் அவன் வந்தால் தட்டி எழுப்ப வேண்டாம், தள்ளிக்கொண்டு உள்ளே வரட்டும் என்று பகவதி சாத்தி மட்டும் வைப்பாள். இங்கே விளக்கு வைத்த கையோடு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, படுத்ததும் தூங்கிப்போகிறாள். நல்ல தூக்கம். அவளை அப்படித் தூங்கப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் தூங்கிய பிறகு நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து படுக்கிறேன். புதுத் தாழ்ப்பாள், முதலில் கிறீச்சென்று சத்தம் போட்டது. இப்போது போடுவதில்லை. அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அதற்கு எண்ணெய் விட்டுவைக்கிறேன்.